பதினோராவது பொருத்தம்

ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தும் ரத்னவேலுக்கு மனசு ஆறவில்லை. பையனுடைய கிரெடிட் ரிப்போர்ட்டையும் கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

"அப்பா, இது கல்யாணமா, கார் லோனா?" என்று மகள் இனியா கேட்டுப் பார்த்தாள்.

மனுஷர் மசியவில்லை. இந்தக் காலத்தில் ராகு கேதுவைவிட கிரெடிட் கார்டுதான் குடும்பத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிட்டில் இந்தியாவில் ஒரு சைவ சாப்பாட்டுக் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. ரத்னவேல், மனைவி மங்களம், இனியா மூவரும் தெம்பனிஸ் வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை, ஜெய் வந்து நின்றான். இனியாவோடு ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறவன். வணக்கம் சொன்ன கையோடு ரிப்போர்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

ரத்னவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் பக்கத்திலேயே முகம் கறுத்துவிட்டது. ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கு 'டபுள் ஏ' கிடைக்கும். இவனோ கிட்டத்தட்ட அடிமட்டத்தில் கிடந்தான். கீழே ஒரு வரி. கார்டு கடன், கட்டத் தவறியது. பக்கத்திலேயே, முழுவதும் அடைக்கப்பட்டது என்று போன வருஷத் தேதி.

"என்னப்பா இது?"

வேறு எவனாவதாக இருந்தால் அம்மாவுக்கு ஆபரேஷன், தங்கச்சிக்குப் படிப்பு என்று ஏதாவது அளந்து விட்டிருப்பான்.

"என் தப்புதான் அங்கிள்" என்றான் ஜெய். "இருபத்தஞ்சு வயசுல நாலு கார்டு வச்சிருந்தேன். புது ஃபோன், பாலி ட்ரிப், ஜப்பான் ட்ரிப்னு எல்லாத்துக்கும் தேய்ச்சேன். பில் வந்தப்போ கட்ட முடியல."

அப்புறம் ஒரு கடன் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தானாம். அவர் நாலு பேங்க்கிடமும் பேசி, வட்டியைக் குறைத்து, எல்லாவற்றையும் ஒரே மாதத் தவணையாக்கிக் கொடுத்தாராம். அஞ்சு வருஷம் டாக்சி ஏறாமல், வெளியூர் போகாமல் கட்டி முடித்திருக்கிறான்.

"அதான் முடிச்சிட்டியே, அப்புறம் ஏன் இன்னும் இருக்கு?"

"கட்டி முடிச்சாலும் இந்த வரி மூணு வருஷம் இருக்கும் அங்கிள். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. அதுவரைக்கும் லோன் கேட்டா பேங்க்ல யோசிப்பாங்க லா."

இனியாவுக்கு இதெல்லாம் முன்பே தெரியும். அவள் தோசையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சம்மதித்தால்தான் கல்யாணம் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள், பாவம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

ரத்னவேல் விடுகிற ஆள் இல்லை. தன் ஃபோனைத் திறந்து மேசை நடுவில் வைத்தார். முந்தின நாள் தனக்கும் ஒரு ரிப்போர்ட் எடுத்து வைத்திருந்தார், பையனுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்ல.

"பார்த்துக்கப்பா. டபுள் ஏ. ஒரு மாசம் தவறினது கிடையாது. யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காதவன் நான்."

அதுவரை சாம்பார் வடையில் கவனமாக இருந்த மங்களம் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல எங்கண்ணன் பேரு எங்க இருக்கு?"

"எந்த அண்ணன்?" என்றார் ரத்னவேல். மங்களத்துக்கு இருப்பதே ஒரே ஒரு அண்ணன்தான்.

அவள் குரலை உயர்த்தாமல் ஜெய்யைப் பார்த்துச் சொன்னாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் தெம்பனிஸ் வீடு வாங்கியபோது பணம் இடித்தது. உட்லண்ட்ஸில் இருக்கிற அவள் அண்ணன் முத்துசாமி, மறு பேச்சுப் பேசாமல் பதினெட்டாயிரம் வெள்ளி எடுத்துக் கொடுத்தார். அடுத்த போனஸில் தந்துவிடுவதாக இவர் சொன்னார். எத்தனையோ போனஸ் வந்து போயாச்சு. அண்ணன் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. இவர்தான் உட்லண்ட்ஸ் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

ஜெய் வெள்ளந்தியாக விளக்கினான். "ஆன்ட்டி, இதுல பேங்க் கடன், கார்டு கடன்தான் வரும். சொந்தக்காரங்ககிட்ட வாங்கினது வராது."

"ஓ, வராதா?" என்றாள் மங்களம். "நான் பயந்தே போயிட்டேன்."

இனியா சட்டென்று தண்ணீர் டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டாள். ரத்னவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது மனுஷரை. டீ வந்தது, ஆறியது.

கடைசியில் நாற்காலியை ஜெய் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாப்ள, மாசாமாசம் இவ்வளவுன்னு எனக்கும் ஒரு தவணைக் கணக்குப் போட்டுக் கொடுங்க. கல்யாணத்தன்னிக்கு மேடையில தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்கறப்போ, நான் அவர் முகத்தைப் பார்க்கணும்ல."