மூன்று நிமிட ஆட்டக்காரன்

ஆண்டின் சிறந்த ஆட்டக்காரனுக்குப் பன்னிரண்டு கல்லூரிகளின் கூடைப்பந்து கோச்சுகள் ஓட்டுப் போட்டிருந்தார்கள். சொந்த அணிப் பையனுக்குப் போடக் கூடாது என்பது விதி. கோச் ஹார்லனின் மாணவன் டெஷானுக்கு ஆறு ஓட்டு, எதிரணி ரீஸுக்கு ஐந்து. மிச்சம் ஒன்று, கடைசி இடத்து அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ட்ராவிஸுக்கு.

விருது வழங்கும் விருந்தில் ரீஸ் வந்து கை கொடுத்தபோது ஹார்லன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

விருந்து முடிந்து அவர் வெளியே வந்தபோது, வாசலில் ஒரு பையன் பீச் பழக் கேக்கோடு நின்றான்.

“நான் ட்ராவிஸ், கோச். அம்மா குடுத்தனுப்பினாங்க. அந்த ஒத்தை ஓட்டு உங்களுதுதானே?”

“யாரு சொன்னா?”

“மத்தவங்க எல்லாரையும் எங்க கோச் விசாரிச்சுட்டார். ‘எந்தப் புண்ணியவான்டா உனக்குப் போட்டது’ன்னு டீம்ல ஒரே கிண்டல். அம்மா ஓட்டு விவரம் வந்த பேப்பரை வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டாங்க. ஆட்டத்தையே விட்டுடலாம்னு இருந்தேன். இப்போ தினம் காலையில இருநூறு ஷாட் போடுறேன்.”

ஹார்லன் கையில் வாங்கிய கேக் கனத்தது.

“உங்க டீமோட நடந்த மேட்ச்ல மூணே நிமிஷம்தான் ஆடினேன். அதுல அப்படி என்ன பார்த்தீங்க, கோச்?”

அவர் எதையும் பார்க்கவில்லை. ரீஸ்தான் சிறந்தவன் என்று அவருக்குத் தெரியும். தன் ஓட்டால் அவன் டெஷானை முந்திவிடக் கூடாதென்று, வேறு யாருமே போடமாட்டார்கள் என நம்பிய ஒரு பெயரைப் பட்டியலின் அடியில் தேடி எழுதினார். அந்த வஞ்சத்தைக் கொண்டே கடவுள் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தியிருந்தார்.

“காலையில எத்தனை மணிக்குப்பா?”

“ஆறு மணிக்கு, கோச்.”

“நாளைக்கு வர்றேன்” என்றார் ஹார்லன், தலையைக் குனிந்தபடி. “உன் ஆட்டத்தை நான் பார்க்கணும், தம்பி.”