சாப்பிட்டீங்களா?

"ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பறதை எப்படிச் சொல்லணும்?" என்று தலைமைப் பண்புப் பயிற்சி வகுப்பில் கேட்டார் ஹெச்.ஆர். மேலாளர் குமரவேல்.

தாம்பரம் கிளையில் பன்னிரண்டு வருஷமாக டீம் லீடராக இருக்கும் அஜீசா கை தூக்கினாள். "முதல்ல அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும் சார். வெறும் வயித்துல சொல்லக் கூடாது. தண்ணி பாட்டிலை முன்னாடியே எடுத்து வெச்சிடணும். முக்கியமா, கதவைச் சாத்திடணும். அழறதை நாலு பேர் பார்க்கக் கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். குமரவேல் எழுதிக்கொண்டார்.

மறுநாள் மதியம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. குமரவேல்தான்.

"சாப்பிட்டீங்களா மேடம்? கொஞ்சம் என் ரூமுக்கு வாங்களேன்."

போனாள். மேசையில், அவள் உட்காரும் பக்கமாக, சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் இருந்தது.

அஜீசா திரும்பிப் போய்க் கதவை அவளே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.