கோசிமோ அக்கார்டியனைக் கழற்றுகிறார்

ஆலிவ் மரங்களுக்கு நடுவே, பிற்பகல் வெயில் சிதறிய கல்யாண மேசைகள். நாற்பது வருடங்களாக ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் அக்கார்டியன் வாசிக்கும் கோசிமோ, இன்று மகள் ஓர்னெல்லாவின் கல்யாணத்திலும் வாசித்துக்கொண்டிருக்கிறார். வழக்கப்படி அப்பாவும் மகளும் சேர்ந்து ஆட வேண்டிய நேரம். மணப்பெண் கை நீட்டுகிறாள். “நான் நிறுத்திட்டா யாரும்மா வாசிப்பா?” என்கிறார். “நம்ம கல்யாணத்துலயும் இதையேதான் சொன்னே. நான் உன் அண்ணன்கூட ஆடினேன்” என்கிறாள் மனைவி அசுந்தா. மேசைகளில் சிரிப்பு. கோசிமோ சிரிக்கவில்லை. அக்கார்டியனைக் கழற்றி நாற்காலியில் வைக்கிறார். வார் பதிந்த இடத்தில் சட்டை நனைந்திருக்கிறது. அசுந்தா கஞ்சிராவை எடுத்துத் தட்டத் தொடங்குகிறாள். மகளின் கையைப் பிடித்து இரண்டு அடி நகர்ந்ததுமே கோசிமோவின் செருப்பு அவளுடைய வெள்ளை உடையை மிதித்துவிடுகிறது. “எனக்கு ஆடத் தெரியாதும்மா.” ஓர்னெல்லா அவர் தோளை விடவில்லை. “இந்த உடுப்ப நான் இன்னொரு தடவ போடப் போறதில்ல. நல்லா மிதிங்கப்பா.”