சபை கூடாத ஞாயிறு

"இன்னிக்கு உங்க காட்டுல மழைதான் புரொபசர். ஒரு ஈ காக்காயைக் காணோம்," என்றார் கிறிஸ்தவக் கோயிலில் மணியடிக்கும் ஹோல்கர்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அஸ்கர் வின்தர் முன்வரிசையை எட்டிப் பார்த்தார். உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு.

டென்மார்க்கில் மத நம்பிக்கை ஓய்ந்துபோவதைப் பற்றித்தான் அந்தத் தத்துவப் பேராசிரியர் ஆயுசு முழுக்க எழுதினார். நாத்திகன் வந்து நம்பிக்கையைக் கொல்வதில்லை, சண்டை சச்சரவு இல்லாமல் அது பாட்டுக்குக் காலியாகும் என்பது அவர் கட்சி. ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு யாருமே வர மாட்டார்கள். போதகர் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார், அவ்வளவுதான். அந்த ஞாயிறைக் கண்ணால் பார்த்து எழுதிவிட்டால் புத்தகம் முடிந்தது. அதற்காகவே இந்தக் கடலோரக் கிராமத்தில் வீடு பிடித்து, வாரம் தவறாமல் வந்து காத்திருந்தார்.

காரியத்தைக் கெடுத்த புண்ணியவதி டோர்தா. மழையோ பனியோ, முன்வரிசையில் வந்து உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி பாடுவாள். அவள் ஒருத்திக்காக ஆராதனை நடந்துவிடும்.

இன்று முன்வரிசை காலி.

"டோர்தாவுக்கு என்ன?"

"தொண்டை கட்டிக்கிச்சாம். பேச்சே வரல."

"அடப் பாவமே," என்றார் அஸ்கர். அவர் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

"ஒரு வாரம் ஆராதனை நின்னாலும் கோயிலைப் பூட்டிடுவேன்னு ஆயர் சொல்லிட்டார். எனக்கு வேலை போயிடும். சந்தோஷம்தானே?"

"மழை வரும்னு சொன்னவன்தான் நான், ஹோல்கர். நீங்க நனைஞ்சா அதுக்கு நானா பொறுப்பு?"

மணி பத்து. ஆர்கன் ஒலித்தது. போதகர் மரேன் கறுப்பு அங்கியில் வந்து பீடத்தின் முன் நின்றார்.

அஸ்கரால் பொறுக்க முடியவில்லை. எழுந்தேவிட்டார். "மரேன், சபைன்னு ஒருத்தராவது இருந்தாத்தானே ஆராதனை? டோர்தாதான் வரலையே."

மரேன் புரியாமல் பார்த்தார். "டோர்தா எப்படிச் சபையாவா? அவ சம்பளத்துக்குப் பாடுறவ. நான், ஹோல்கர், ஆர்கன் வாசிக்கிறவர், அவ... நாங்க யாரும் கணக்குல வர மாட்டோம். கோயிலைப் பத்தி இவ்வளவு எழுதினவர், இது தெரியாதா?"

"அப்போ இத்தனை மாசமா யாருக்காக நடத்துனீங்க?"

ஹோல்கர் சிரிப்பை இருமலாக்கினார்.

"உங்களுக்காகத்தான். நீங்கதான் சபை," என்றார் மரேன். "வாசல் திறந்துதான் இருக்கு. நீங்க எழுந்து போயிட்டா உங்க புத்தகமும் முடியும், எங்க கோயிலும் முடியும்."

அஸ்கர் தொப்பியைக் கையில் எடுத்தார். ஹோல்கரின் இருமல் சட்டென்று நின்றது.

கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், தொப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"டோர்தா வேற இல்லை," என்றார். "முதல் பாட்டு எத்தனாவது பக்கம்?"