நடுப் பட்டை

"கேட்டைத் திறங்கண்ணே! அந்தப் பொண்ணு குதிச்சா முதுகெலும்பு போயிடும்!"

கம்பிகளுக்கு வெளியே நின்று கத்தியவரைக் காவலாளி மேலும் கீழும் பார்த்தான். வேர்வையில் ஊறிய சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு. பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடிவந்ததில் இன்னொன்று எங்கேயோ கழன்று போயிருந்தது.

"பாஸ் எங்க?"

"காலையில வேலை முடிஞ்சதும் உங்ககிட்டதானேண்ணே குடுத்துட்டுப் போனேன்? நான்தான் மெத்தை போடுறவன்!"

"அட, மெத்தை மாமா! பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க, அடையாளமே தெரியல. என்ன, மெத்தையில தூக்கத்தை மறந்து வச்சிட்டு வந்துட்டீங்களா?"

மைதானத்தில் எல்லோருக்கும் அவர் மெத்தை மாமாதான். கம்பை ஊன்றி இரண்டு ஆள் உயரத்துக்குப் பறந்து, முதுகு கீழாக விழுகிறவர்களைத் தாங்குவது அவர் போடும் மெத்தை. அது ஒரே துண்டு இல்லை. ஆறு பெரிய துண்டுகளை ஒட்டி வைத்து, பட்டையால் இழுத்து, பக்கிள் மாட்ட வேண்டும். மேலே விரிப்பைப் போட்டு மூடிவிட்டால் மாட்டியதும் தெரியாது, மாட்டாததும் தெரியாது. விழுகிற வேகத்தில் துண்டுகள் விலகினால் நடுவில் வெறும் சிமெண்டுத் தரை.

நடுப் பட்டையின் பக்கிள் 'டக்'கென்று விட்டுக்கொண்ட சத்தம் இன்னும் அவர் காதிலேயே இருந்தது.

"வாக்கிடாக்கியில சொல்லுங்கண்ணே. நடுப் பட்டை மாட்டல, போட்டியை நிறுத்தச் சொல்லுங்க!"

காவலாளி சொன்னான். கரகரவென்று பதில் வந்தது. "எல்லாம் சரின்னு அவர் கையெழுத்துப் போட்ட தாள் என் கையில இருக்குய்யா. வெயில்ல ஏதோ உளறுறாரு, வீட்டுக்கு அனுப்பு."

மகளுக்கு ஐந்தாவது தடவையாகப் போன் போட்டார். அணைந்தே கிடந்தது. உள்ளே போகிறவர்களிடம் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனாலும் ஆறாவது தடவையும் போட்டார்.

"குதிக்கப்போறது உங்க பொண்ணா?" காவலாளியின் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"இல்லண்ணே. அவளுக்கு அஞ்சு சென்டிமீட்டர்ல வாய்ப்புப் போச்சு. மாற்று ஆளா பெஞ்சுல உட்கார்ந்திருக்கா. குதிக்கப்போறது நெட்டை."

நெட்டையும் மகளும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் நெட்டை அவரிடம் வந்து நிற்பாள். "மாமா, மெத்தை சரியா? நீங்க சரின்னு சொன்னாத்தான் எனக்குக் காலே ஓடும்." இன்றைக்கும் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார். பஸ்ஸில் ஒரு காலை வைத்தபோதுதான் அந்தக் கேள்வி நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

ஒலிபெருக்கி நெட்டையின் எண்ணை அழைத்தது.

மெத்தை மாமா கம்பியைப் பிடித்து ஏறினார்.

"யோவ் மாமா, இறங்குய்யா! என் வேலைக்கு உலை வச்சிடாத!" காவலாளி காலைப் பிடித்து இழுத்தான். மிச்சமிருந்த செருப்புதான் அவன் கையோடு வந்தது.

மறுபக்கம் விழுந்தவரின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. அதைப் பார்க்க நேரமில்லை. தூரத்தில் நெட்டை கம்பைத் தூக்கிவிட்டாள். ஓடவும் தொடங்கிவிட்டாள்.

"நில்லும்மா! நில்லு!"

அவள் ஓடும் காலடிக்கு ஏற்ற மாதிரி கூட்டம் கைதட்டியது. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. தடுக்க வந்த இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, மெத்தையின் நடுவில் குப்புறப் பாய்ந்தார்.

கம்பு தரையில் உருண்டது. கடைசி நொடியில் அதை வீசிவிட்ட நெட்டை, மெத்தையின் விளிம்பில் மோதி நின்றாள்.

"மாமா! உங்க மேலயே விழுந்திருப்பேனே! என்ன ஆச்சு?"

அவர் பின்பக்கமாகச் சரிந்து இறங்கி, விரிப்பைத் தூக்கி, நடு இணைப்புக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினார்.

பட்டை விறைப்பாக இருந்தது. இழுத்தார், அசையவில்லை. பக்கிள் கச்சிதமாக மாட்டியிருந்தது.

நடுவரும் குனிந்து, கையை விட்டு, இழுத்துப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு? வேலையை ஒழுங்கா முடிச்சிட்டு, எங்களுக்கு ஏன்யா மாரடைப்பு வர வைக்கிறீங்க?"

"விடுங்க சார்," என்று நெட்டை சிரித்தாள். "மாமாவுக்கு என் மேல அவ்வளவு பாசம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பெஞ்சிலிருந்து மகள் எழுந்து வந்தாள். அவர் உள்ளங்கையில் தன் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எப்படிம்மா... அது எப்படி..."

மகள் அவர் காதருகே குனிந்தாள்.

"நீங்க கழட்டினதைப் பார்த்துட்டுத்தான்ப்பா, நான் போய் மாட்டினேன்."