மாடி வீட்டுப் பவளம்

"அண்ணி, அண்ணன் இருக்காரா?"

கதவைத் திறந்த அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்க மாட்டாளா பின்னே? ஒரே வீடு, கீழே தம்பி, மாடியில் அண்ணன். மொட்டைமாடிக் குழாயைத் திறந்துபோட்டது யார் என்று ஆரம்பித்த சண்டை, வார்த்தை தடித்து, "இனி உங்க வாசப்படியை மிதிச்சா என் பேரை மாத்திக்கிறேன்" என்று தம்பி கத்தியதில் முடிந்திருந்தது. அதன்பிறகு படியில் எதிரெதிரே வந்தாலும் இருவருக்கும் சுவர்தான் கண்ணில் படும். ஓரகத்திகள் இருவரும் மட்டும் வழக்கம்போல் துணி காயப்போட்டுக்கொண்டே அரட்டையடிப்பார்கள்.

"உள்ள வாங்க தம்பி. என்ன இது, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"அவளோட பவளத்தைக் கொன்னுட்டேன் அண்ணி. நாளைக்கு அவ வந்துடுவா."

தம்பியின் மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கூடத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்து, அதன் மேல் எல்.இ.டி. விளக்கு மாட்டி, பவளம் வளர்க்கிறவள். ஒரே ஒரு பவளம், துணைக்கு இரண்டு மீன். விரல் நகமளவு துண்டாக வாங்கி வந்ததைக் கையகலம் வளர்த்திருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவாள், காபி அப்புறம்தான். கிளம்பும்போதும் படித்துப் படித்துச் சொன்னாள்: "மீனுக்கு இரை மட்டும் போடுங்க. தண்ணியில கை விடாதீங்க. முக்கியமா லைட்டைத் தொடாதீங்க."

தம்பிக்குக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. ஒரு நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நல்ல வெள்ளை வெளிச்சம் வேண்டும் என்பது அவருடைய தொழில் பாடம். இந்த நீல வெளிச்சத்தில் எதைத்தான் பார்க்கிறாளோ என்று, வெள்ளையை முழுசாகத் திருகி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால், பச்சையாக ஜொலித்துக்கொண்டிருந்த பவளம் சாக்பீஸ் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பதறிப்போய் விளக்கின் பிளக்கையே பிடுங்கிவிட்டு மாடியேறி வந்திருக்கிறார்.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "வெள்ளையை எவ்வளவு வச்சே?"

அத்தனை நாள் கழித்து அண்ணன் கேட்ட முதல் கேள்வி.

"முழுசாண்ணே."

"அடப்பாவி. அது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்குடா. வெளிச்சத்துல அதுக்குச் சமைச்சுப் போடறதே அந்தப் பாசிதான். ஒரேயடியா வெளிச்சத்தை ஏத்தினா பாசியை வெளிய துரத்திட்டு, அதுவும் வெளுத்துப்போயிடும். கொஞ்சம் கொஞ்சமா இல்ல ஏத்தணும்?"

"உங்க தொட்டியில ஒரு துண்டு இருக்குமே... அதைக் குடுத்தீங்கன்னா..."

பவளம் வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு துண்டை வெட்டி இன்னொரு வீட்டுத் தொட்டியில் கொடுத்து வைப்பார்கள். இங்கே போனாலும் அங்கே வம்சம் தழைக்குமே. தம்பி மனைவியும் அப்படித்தான் மாடி வீட்டில் ஒன்று கொடுத்து வைத்திருந்தாள்.

அண்ணன் எழுந்து தொட்டி இருந்த அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு வாளி. எட்டிப் பார்த்த தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே கையகலப் பவளம் முழுசாக இருந்தது.

"அண்ணே, ஒரு துண்டு போதும்ணே. உங்களுக்கு?"

"கையகலம் வளத்து வச்சவகிட்ட நகத்தளவு காட்டினா நம்புவாளா? நட, கீழ போகலாம்."

தம்பிக்கு, இந்த மனுஷனைப் போயா அன்றைக்கு அப்படிப் பேசினோம் என்றிருந்தது.

கீழே வந்ததும் அண்ணன் இடுக்கியைக் கையில் எடுத்தார். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. செத்ததைப் பாத்தா உனக்கு மனசு தாங்காது." தம்பி சமர்த்தாகத் திரும்பிக்கொண்டார். வெளுத்தது ஒரு பைக்குள் போனது. வாளியில் இருந்தது கல்லின் மேல் உட்கார்ந்தது. அண்ணன் பிளக்கைச் செருகி, விளக்கை நீலத்துக்கு மாற்றித் தணித்து வைத்தார். பவளம் பச்சையாக ஒளிர்ந்தது. இருவரும் தரையிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நான் அன்னிக்குப் பேசினது..."

"விடுடா. அதெல்லாம் ஒரு பேச்சா?"

"இந்த உதவியை உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே." கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட வெட்கப்படவில்லை தம்பி.

மறுநாள் காலையில், அண்ணன் மறந்து வைத்துவிட்டுப் போன இடுக்கியைக் கொடுக்கத் தம்பி மாடிக்குப் போனார். அண்ணி பின்கட்டுக் குழாயடியில் நின்று, செத்துப்போன அந்தப் பவளத்தைத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். விட்டதும் அது பழையபடி நிமிர்ந்துகொண்டது.

"அண்ணி... அது ரப்பரா?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மாட்டிக்கிட்டேனா? நீல லைட்டுல பச்சையா மின்னும், வெள்ளை லைட்டுல வெளுத்துத் தெரியும், அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்பின அன்னிக்கே உங்க வீட்டுக்காரி அசலை இங்க கொண்டாந்து வச்சுட்டு, அங்க இதைப் போட்டுட்டா தம்பி. 'தொடாதீங்கன்னு சொன்னா கண்டிப்பா தொடுவாருக்கா. அப்பவாவது மாடிப்படி ஏறுறாரா பாப்போம்'னா."

கோபப்பட வேண்டிய இடம்தான். தம்பிக்கு வரவில்லை.

"அவ கெட்டிக்காரி அண்ணி. ஆனா பாவம் அண்ணன். இது எதுவும் தெரியாம, என்மேல இருக்கிற பாசத்துல முழுசாத் தூக்கிக் குடுத்துட்டாரு."

"நல்லா சொன்னீங்க போங்க," என்று சிரித்தாள் அண்ணி. "கடை கடையா ஏறி இறங்கி, நிறம் பாத்து இந்த ரப்பரை வாங்கிட்டு வந்ததே உங்க அண்ணன்தான்."