பீன்ஸ் சுமந்தவன்

பஸ்ஸில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாதவனால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

படித்துக்கொண்டிருந்தவர் அவனுடைய அத்தான் சுடலைமுத்து. காலை ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் தினமும் பேப்பரை உரக்கப் படிப்பது அவர்தான். ஓசூர்க் குளிருக்கு மங்கி குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்கள் கேட்டபடியே வருவார்கள். இன்றைக்குத் தளி ஊர்க்காரன் வெங்கடப்பன் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு கம்பெனி ஆண்டுவிழா மலரை அவர் கையில் திணித்துவிட்டான். அதில் ஒரு கப்பல் கதை இருக்கிறதாம், அதைத்தான் படிக்கவேண்டுமாம்.

கதையை எழுதியவர் பெயர் ‘கடலோடி’ என்று போட்டிருந்தது. அது யார் என்று பஸ்ஸில் யாருக்கும் தெரியாது, மாதவனைத் தவிர. எழுதியது அவன்தான்.

கப்பல் உடைந்து ஒருவன் ஒரு தீவில் ஒதுங்குகிறான். அந்த ஊரில், தலைவன் முன்னால் ஒரு தடவை குனிந்தால் ஒரு விரற்கடை உயரம் குறைந்துபோகும். குறைந்தது திரும்ப வளராது. அப்படியும் ஊரே விழுந்தடித்துக்கொண்டு குனிகிறது.

கல்லூரியில் பாடமாக இருந்த ஒரு பழைய கடற்பயணக் கதையிலிருந்து மாதவன் பிடித்துக்கொண்ட சூட்சுமம் இது. முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் பொய் சொல்லவேண்டும். பொய்க்கு நீளம் அகலம் கொடுக்கவேண்டும். உள்ளூர் அசிங்கத்தையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததாக எழுதிவிட்டால் எவனும் சண்டைக்கு வரமாட்டான்.

யாரும் வரவில்லைதான். வந்திருந்தாலாவது தேவலாம் என்று இப்போது இருந்தது.

சுடலைமுத்து ஏற்ற இறக்கத்தோடு படித்தார். அந்தத் தீவிலேயே அதிகம் குனிந்தவன் ஒருவன் இருக்கிறான். குனிந்து குனிந்து கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டான். தலைவனின் பல்லக்குக் கதவை ஏணி வைத்துத்தான் திறக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் சந்தையில் ஒரே ஒரு பீன்ஸை வாங்கி, வாழைத்தார் மாதிரித் தோளில் சுமந்துகொண்டு தலைவன் வீட்டு அடுக்களைக்குப் போகிறான். குனியும்போதெல்லாம் காதுவரை வாய் கிழியச் சிரிக்கிறான்.

வெங்கடப்பன் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டான்.

பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நோக்கியாவில் பாம்பு விளையாடிக்கொண்டிருந்தவன்கூட நிமிர்ந்து பார்த்தான். ஜி.எம். கார் வந்து நின்றதும் ஓடிப்போய்க் கதவைத் திறப்பது யார், ஞாயிறுதோறும் உழவர் சந்தையில் காலிஃபிளவரும் பீன்ஸும் வாங்கி ஜி.எம். வீட்டில் கொடுத்துவிட்டு வருவது யார் என்று அந்த பஸ்ஸில் தெரியாதவர் கிடையாது.

சுடலைமுத்து மட்டும் படித்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தையை விடவில்லை.

மாதவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு வருஷமாக அவர் வீட்டில்தான் இருக்கிறான். அக்கா வீரலட்சுமி கட்டிக்கொடுத்த சோறு மடியில் இன்னும் சூடாக இருந்தது. டிரெய்னியாக இருக்கிற அவனைப் பர்மனென்ட் ஆக்குவதா, ஊருக்கு அனுப்புவதா என்று ஜி.எம். முடிவு செய்வது இன்றைக்குத்தான். கூட இருக்கிற டிரெய்னிகள், இன்னைக்கு உங்க அத்தான் கதவு திறந்தாச்சா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்த எரிச்சலில் எழுதிய கதை. எழுதும்போது என்ன சுகமாக இருந்தது! சே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று இப்போது தோன்றியது.

கதை முடிந்தது. பயணி கடைசிவரை குனியவே இல்லை. போன உயரத்தோடு ஊர் திரும்பி, வாசல் நிலையில் தலை இடிக்கப் பெருமையாக வீட்டுக்குள் போகிறான்.

யாரும் கைதட்டவில்லை. டிரைவர் காரணமில்லாமல் ஹாரன் அடித்தார்.

சுடலைமுத்து மலரை மூடிக்கொண்டு எழுந்து வந்து மாதவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று அவன் தேடினான். ஒன்றும் பிடிபடவில்லை. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு இடம் இடிக்கிறது என்றார். குரல் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

“ஊரே குனிஞ்சு குனிஞ்சு குறையுது. அந்தப் பயணி மட்டும் குனியாமலே மூணு வேளையும் சாப்பிடுதானே, எப்படி மாப்ள? அவனுக்கும் சேத்து எவனோ ஒருத்தன் குனிஞ்சிருக்கணும்லா. அத எழுதாம விட்டுட்டியே.”

அவர் மலரை அவன் பைக்குள் செருகி, ஜிப்பையும் இழுத்து மூடினார்.

பஸ் கேட்டுக்குள் திரும்பி நின்றது. எதிரிலேயே ஜி.எம். காரும் வந்து நின்றது. சுடலைமுத்து வழக்கம்போல முதல் ஆளாக இறங்கினார்.

போகாதீங்க அத்தான் என்று சொல்ல நேரம் இருந்தது. மாதவன் சொல்லவில்லை. அவனுக்கு அந்த வேலை வேண்டும்.

பஸ்ஸின் படிக்கட்டில் நின்றபடி பார்த்தான். கார்க் கதவைத் திறந்துவிட்டு அத்தான் வழக்கத்தைவிட அதிகமாகக் குனிந்தார். குனிந்தபடியே ஏதோ சொல்லி, பஸ் பக்கம் கையை நீட்டினார். ஜி.எம். கழுத்தை வளைத்து, நீட்டிய கைக்கு நேரே மாதவனைப் பார்த்தார்.

மாதவன் சடாரென்று குனிந்து ஷூ கயிற்றைப் பிடித்துக்கொண்டான். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை.

இத்தனை நாளும் நிமிர்ந்து நின்று பார்த்ததில் அவனுக்கு அத்தானின் முதுகுதான் தெரிந்திருந்தது. முகத்தைக் கதைக்காக அவனாகப் போட்டுக்கொண்டான். இப்போது, குனிந்த இடத்திலிருந்து, முதன்முறையாக அவர் முகம் தெரிந்தது.

அதில் சிரிப்பே இல்லை.